இரயில் புறப்பட்டது எப்போது?

தேர்வுக் கூடம் ஒன்றில் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில இலக்கணப் பகுதியில் ஒரு வாக்கியம். அதன் நடுவே ஒரு வெற்றிடம். 'தி டிரெயின் ______ பிஃபோர் வி ரீச்ட் த ஸ்டேஷன்.' நாங்கள் நிலையத்தை அடையும் முன்பே இரயில் புறப்பட்டது என்பது இதன் பொருள். கீழே நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன: (அ) லீவ்ஸ், (ஆ) ஹேஸ் லெஃப்ட், (இ) லெஃப்ட், (ஈ) ஹேட் லெஃப்ட்.

முதல் இரண்டும் பொருந்தா என்பதை உடனே கண்டுகொள்கிறீர்கள். எஞ்சிய இரண்டில் 'லெஃப்ட்' என்பதைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறீர்கள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நண்பர் ஒருவர், "ஹேட் லெஃப்ட் அல்லவா சரியான விடை?" என்கிறார். சில நாள் கழித்து வெளியாகும் விடைப் பட்டியலும் நண்பர் பக்கமே நிற்கிறது. ஒரு மதிப்பெண் போயிற்று. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. வேலைக்கான தேர்வுகளில் அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் நெருக்கி நிற்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆனால் நீங்கள் குறித்த விடை உண்மையிலேயே பிழையா? இதற்குப் பதில் காண நாம் இரண்டு வரலாறுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் தேர்வு முறையின் வரலாறு. மற்றொன்று, ஆங்கில வினைச்சொல்லின் காலங்களைப் பற்றி அறிஞர்கள் வகுத்த விதிகளின் வரலாறு. இவ்விரண்டும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் பிறந்தவை. உங்கள் வினாத்தாளில் அவை ஒன்றாகச் சந்திக்கின்றன.

வாய்மொழித் தேர்வு மறைந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அமெரிக்கப் பள்ளிகளில் தேர்வு என்றால் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுதான். பள்ளிக் குழுவினர் வகுப்புக்கு வருவார்கள். ஒவ்வொரு மாணவனையும் எழுப்பி ஏதேனும் கேட்பார்கள். ஒருவனுக்கு எளிய வினா வாய்க்கும். அடுத்தவனுக்குக் கடினமானது வாய்க்கும். இருவரையும் ஒப்பிட வழியில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விக் கழகத்தின் செயலாளராக இருந்த ஹொரேஸ் மான் இக்குறையை நீக்க விரும்பினார். அவரும் அவருடைய நண்பர்களும் முயன்று 1845ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் அச்சிட்ட வினாத்தாளைக் கொண்டுவந்தனர். எல்லா மாணவருக்கும் ஒரே வினாக்கள், ஒரே கால அளவு, விடைகள் எழுத்தில். வினாத்தாள்களுள் இலக்கணமும் ஒன்றாக இருந்தது.

வினா ஒன்றாகிவிட்டது. ஆனால் விடையை மதிப்பிடும் கண்கள் பலவாக இருந்தன. 1912ஆம் ஆண்டில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தனர். ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பி, நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டனர். அதே தாளுக்கு ஓர் ஆசிரியர் தந்ததற்கும் மற்றோர் ஆசிரியர் தந்ததற்கும் முப்பதுக்கும் மேற்பட்ட மதிப்பெண் வேறுபாடு காணப்பட்டது. ஒருவர் கையில் தேறிய மாணவன் இன்னொருவர் கையில் தோற்றிருப்பான்! ஆங்கிலம் என்பதால் இப்படி ஆயிற்று என்று சிலர் வாதிட்டபோது, ஆய்வாளர்கள் வடிவக் கணிதத் தாளைக் கொண்டும் சோதித்தனர். அங்கும் இதே குழப்பம்தான் வெளிப்பட்டது.

பசுவா, புலியா?

இச்சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர்களுள் முதன்மையானவர் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் கெல்லி. ஆசிரியர்கள் தரும் மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வைப் பற்றி 1914இல் ஆய்வேடு எழுதியவர் அவர். அடுத்த ஆண்டில் 'கான்சாஸ் மௌன வாசிப்புத் தேர்வு' என்னும் தேர்வை வெளியிட்டார். அவர் வகுத்த விதி எளியது. வினாவுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். அதற்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். விடை முழுவதும் சரியாக இருக்கும், அல்லது முழுவதும் தவறாக இருக்கும். பாதி சரி என்பது கிடையாது.

அவருடைய வினாக்களுள் ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. பசு, புலி, எலி, ஓநாய் என நான்கு பெயர்கள் தரப்படும். பண்ணைக்குப் பயன்படும் விலங்கின் பெயரைச் சுற்றிக் குழந்தை கோடு போட வேண்டும். இங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. எந்த ஆசிரியர் திருத்தினாலும் பசு பசுதான்.

இந்த முறைக்குப் பெரும் வாய்ப்பைத் தந்தது முதல் உலகப்போர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், இராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலார் படைவீரர்களுக்கான தேர்வுகளை உருவாக்கினர். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் அவற்றை எழுதினர். அப்பணியில் பங்குகொண்ட கார்ல் பிரிகம் பின்னர் கல்லூரியில் சேர விரும்புவோருக்காக ஒரு தேர்வை அமைத்தார். 1926ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் 8,040 மாணவர்கள் அதனை எழுதினர். இன்றும் 'எஸ்.ஏ.டி.' என்ற பெயரில் உலகெங்கும் நடப்பது அத்தேர்வின் வழித்தோன்றலே.

பென்சில் கோட்டில் பாய்ந்த மின்சாரம்

ஆயிரக்கணக்கான தாள்களைக் கையால் திருத்துவது பெரும் வேலை. இங்கே நம் கதைக்குள் வருபவர் ரெய்னால்ட் ஜான்சன். மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் அவர். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நாம் அறிவோம். இளமையில் ஜான்சன் மோட்டார் காரின் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு கிழித்து வைத்து, வண்டி கிளம்பாமல் குறும்பு செய்ததாகக் கூறுவதுண்டு. அந்தக் கோட்டின் வழியே மின்சாரம் ஒழுகிவிட, பொறி பறக்காது. அதே உண்மையைக் கொண்டு விடைத்தாளைத் திருத்தினால் என்ன?

விடைத்தாளில் மாணவன் பென்சிலால் கோடு போடுகிறான். பொறிக்குள் தாளை நுழைத்ததும் சரியான விடைகளுக்கு உரிய இடங்களில் மின்தொடுமுனைகள் படிகின்றன. கோடு இருக்கும் இடத்தில் சிறிதளவு மின்னோட்டம் பாய்கிறது. சரியான கோடுகள் கூடக்கூட மொத்த மின்னோட்டமும் கூடுகிறது. அளவியின் முள் எங்கே நிற்கிறதோ அதுவே மதிப்பெண்! ஐ.பி.எம். நிறுவனம் ஜான்சனை வேலைக்கு எடுத்துக்கொண்டு, 1938இல் '805' என்னும் எண்ணுடன் இப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழகியவர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 800 தாள்களை இதில் திருத்த முடிந்தது. இதே ஜான்சன்தான் பிற்காலத்தில், 1956இல், கணிப்பொறிக்கான முதல் வட்டு நினைவகத்தை உருவாக்கிய குழுவின் தலைவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

1955இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ட் மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைப் பயன்படுத்தினார். அவருடைய பொறி மணிக்கு ஆயிரக்கணக்கான தாள்களைப் படித்தது. நம் நாட்டுத் தேர்வுகளில் பேனாவால் வட்டத்தை நிரப்புகிறீர்களே, அந்த விடைத்தாள் இந்த மரபில் வந்ததாகும்.

இதனால் நன்மை விளைந்தது என்பதை மறுக்க இயலாது. மாணவனின் கையெழுத்து, பெயர், ஊர், திருத்துபவரின் மனநிலை ஆகிய எதுவும் மதிப்பெண்ணைப் பாதிக்கவில்லை. ஆனால் ஒன்று குறைந்துபோயிற்று. "நான் ஏன் இவ்விடையைத் தேர்ந்தேன் தெரியுமா?" என்று சொல்ல மாணவனுக்கு வழியில்லை. மின்னோட்டம் காரணம் கேட்பதில்லை.

பசுவையும் புலியையும் பொறுத்தவரை காரணம் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வினைச்சொல்லின் காலமும் அப்படிப்பட்டதுதானா? இதை அறிய, பொறியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஆங்கில மொழியின் பழங்கதைக்குப் போவோம்.

ஆங்கிலத்துக்கு எத்தனை காலங்கள்?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் உருவம் இரண்டே காலங்களைக் காட்டியது: நிகழ்காலம், இறந்தகாலம். நாளை நடப்பதையும் நிகழ்கால உருவத்தாலேயே சொன்னார்கள். இன்று எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' என்னும் சொல்லுக்கு அன்று 'விரும்பு' என்று பொருள். 'ஷல்' என்பதற்குக் 'கடன்பட்டிரு' என்று பொருள். 'ஹேவ்' என்றால் 'உடைமையாகக் கொள்'. 'எழுதப்பட்ட கடிதத்தை உடையேன்' என்பது போன்ற தொடர் காலப்போக்கில் 'கடிதத்தை எழுதியிருக்கிறேன்' என்று பொருள் மாறியது.

இது நமக்குப் புதியதன்று. தமிழில் 'விடு' என்றால் கைவிடு, நீக்கு. 'போய்விட்டான்' என்னும்போது அந்தப் பொருள் எங்கே? 'இரு' என்றால் அமர், தங்கு. 'வந்திருக்கிறான்' என்பதில் அமர்தல் இல்லை. பொருள் தேய்ந்து இலக்கணமாவது மொழிகளின் இயல்பு.

ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுதத் தொடங்கியவர்கள் இலத்தீனையே அளவுகோலாகக் கொண்டனர். வில்லியம் புல்லோகர் 1586இல் வெளியிட்ட முதல் ஆங்கில இலக்கண நூல் இலத்தீன் பாடநூலைப் பின்பற்றியது. இதற்கு மாறாகச் சிந்தித்தவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டின் கணிதப் பேராசிரியர் அவர். முடிவிலியைக் குறிக்க நாம் எழுதும், படுத்த எட்டுப் போன்ற குறியை 1655இல் வழங்கியவரும் அவரே. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1653இல், அயல்நாட்டார் ஆங்கிலம் கற்க உதவும் இலக்கணம் ஒன்றை அவர் எழுதினார். அதில், ஆங்கில வினைச்சொல்லுக்கு இரண்டு காலங்களே உள்ளன என்று தெளிவாகச் சொன்னார்.

அதே நூலில் அவர் தந்த வேறொரு விதி பல தலைமுறை மாணவர்களைத் துன்புறுத்தியது. தன்மையில் 'ஷல்' வெறும் முன்னறிவிப்பு. 'வில்' உறுதிமொழி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். சார்ல்ஸ் ஃபிரைஸ் என்னும் அமெரிக்க மொழியியலார் நாடகங்களில் இச்சொற்கள் உண்மையில் எப்படி வழங்குகின்றன என்று எண்ணிப் பார்த்து, 1925இல் தம் ஆய்வை வெளியிட்டார். மக்கள் பேச்சு அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்பது புலனாயிற்று. ஆயினும் பாடநூல்களில் விதி நிலைத்தே இருந்தது.

லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட இலக்கண நூல் யார்க் நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதப்பட்டு, பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகள் எங்கும் பரவியது. அதில் காலங்கள் ஆறு. பிற்காலப் பாடநூல்கள் தொடர்வினைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கின. நீங்கள் பள்ளியில் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தது இந்தப் பன்னிரண்டைத்தான். ஆனால் 1985இல் வெளிவந்த விரிவான ஆங்கில இலக்கணத்தில் ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடன் பணியாற்றிய மூவரும், வாலிசைப் போலவே, ஆங்கிலத்துக்குக் காலம் இரண்டே என்றனர். மற்றவை, செயலை எந்த நோக்கில் பார்க்கிறோம் என்பதைக் காட்டும் கூட்டுச் சொற்கள்.

மூன்று புள்ளிகள்

'நோக்கு' என்று சொன்னோம். இதனை மிகத் தெளிவாக விளக்கியவர் இலக்கண ஆசிரியர் அல்லர்; இயற்பியலின் தத்துவத்தை ஆராய்ந்த ஹான்ஸ் ரைகன்பாக். பெர்லினில் ஐன்ஸ்டீனின் விரிவுரைகளைக் கேட்டவர் அவர். 1933இல் ஹிட்லர் ஆட்சியால் பதவியிழந்து இஸ்தான்புல் சென்றார்; 1938இல் அமெரிக்காவை அடைந்தார். காலத்தை அளப்பதற்குப் பார்ப்பவரின் நிலையும் முக்கியம் என்பதைச் சார்பியல் வழியே நன்கு உணர்ந்திருந்த அவர், 1947இல் வெளியிட்ட தருக்கவியல் நூலில் வினைச்சொல்லின் காலத்தை மூன்று புள்ளிகளால் விளக்கினார்.

முதலாவது, பேசும் நேரம். இரண்டாவது, செயல் நிகழ்ந்த நேரம். மூன்றாவது, நாம் நின்று பார்க்கும் நேரம். இதனை நோக்கு நேரம் எனலாம்.

சாவியைத் தொலைத்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். 'ஐ லாஸ்ட் மை கீ எஸ்டர்டே' என்று அவர் சொன்னால், அவர் மனத்தால் நேற்றைக்குப் போய் நின்று பேசுகிறார். செயல் நேரமும் நோக்கு நேரமும் ஒன்றாக, இறந்தகாலத்தில் இருக்கின்றன. 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்று சொன்னால், செயல் முன்பே நடந்துவிட்டது. ஆனால் அவர் நிற்பது இன்று, பூட்டிய கதவின் முன். நோக்கு நேரமும் பேசும் நேரமும் ஒன்று. 'ஹேட் லாஸ்ட்' என்றால் மூன்றும் தனித்தனி: பேசுவது இன்று, நின்று பார்ப்பது நேற்று மாலை, சாவி தொலைந்தது அதற்கும் முன்பு.

இப்போது 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது ஏன் பிழை என்று விளங்கும். 'ஹேவ்' நம்மை இன்று நிற்கச் சொல்கிறது. 'எஸ்டர்டே' நேற்று நிற்கச் சொல்கிறது. ஒரே வாக்கியத்தில் ஒருவர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்கிறது ஆங்கிலம். ஆனால் இது எல்லா மொழிக்கும் பொதுவான தருக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் இதையொத்த வடிவத்தோடு 'நேற்று' என்னும் சொல் தடையின்றி வரும். அது ஆங்கிலம் தானாக வகுத்துக்கொண்ட வழக்கம்.

காலமும் வினைச்சொல்லின் உருவமும் ஒன்றல்ல என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று காலங்களை வகுத்த தமிழிலக்கணம், அவை மயங்கி வருவதற்கும் இடம் தந்தது. உண்டுகொண்டிருப்பவரை நண்பர் அழைக்கிறார். "இதோ வந்துவிட்டேன்" என்கிறார் அவர். இன்னும் கைகூடக் கழுவவில்லை! விரைவைக் காட்ட எதிர்காலம் இறந்தகாலமாயிற்று. இலக்கணம் இதனைப் பிழையென்று தள்ளாமல் கால வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேயரும் நாளைப் புறப்படும் இரயிலை 'லீவ்ஸ் டுமாரோ' என்று நிகழ்காலத்தில் சொல்வது இத்தகையதே.

தாய்மொழி போடும் பாதை

தேர்வு வரலாறும் இலக்கண வரலாறும் சந்தித்த இடங்களுள் மிச்சிகன் பல்கலைக்கழகம் முக்கியமானது. ஃபிரைஸ் அங்கே ஆங்கில மொழி நிலையத்தை நடத்தினார். அவரையடுத்து அப்பொறுப்பை ஏற்றவர் இராபர்ட் லாடோ. மாணவனின் தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எங்கே அவை வேறுபடுகின்றனவோ அங்கேதான் அவன் தடுமாறுவான் என்றார் லாடோ. அந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறையைத் தம் 1961ஆம் ஆண்டு நூலில் விளக்கினார்.

இந்தக் கருத்தை நாமே சோதித்துப் பார்க்கலாம். 'பத்து ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்கிறேன்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் தேர்வில் மதிப்பெண் கிடைக்காது. 'ஹேவ் பீன் லிவிங்' என்றோ 'ஹேவ் லிவ்ட்' என்றோ வர வேண்டும். 'நேற்று அவர் ஊருக்கு வந்திருக்கிறார்' என்பதும் நல்ல தமிழே; வந்ததை நாம் இப்போதுதான் அறிந்தோம் என்னும் நுட்பமும் அதில் உண்டு. அதே அமைப்பு ஆங்கிலத்தில் பிழையாகிறது. எனவே இவ்விடங்களில் நீங்கள் தவறினால் அது அறிவின் குறையன்று. ஒரு மொழியின் பாதையில் நன்றாக நடந்து பழகிய கால்கள் மற்றொரு மொழியின் பாதையில் தடுக்குகின்றன; அவ்வளவே.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் அயல்நாட்டு மாணவருக்காக 1964இல் தொடங்கப்பெற்ற 'டோஃபல்' தேர்வில் இத்தகைய தனித்தனி இலக்கண வினாக்கள் ஒரு பகுதியாயின. ஆனால் 1961லேயே ஜான் கேரல் என்னும் உளவியலார் இதற்கு ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். இலக்கணத்தைத் துண்டு துண்டாகச் சோதித்தால் மட்டும் போதாது. படித்தும் கேட்டும் முழுமையாகப் பொருள் கொள்ளும் ஆற்றலையும் சோதிக்க வேண்டும் என்றார் அவர். இவ்விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2005இல் டோஃபல் தேர்வு இணையவழிக்கு மாறியபோது தனி இலக்கணப் பகுதி நீக்கப்பட்டு, பேசுதலும் எழுதுதலும் இடம்பெற்றன. வேறு பல தேர்வுகளில் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வினா இன்றும் தொடர்கிறது.

விடைப் பட்டியலும் தவறலாம்

வினாவை அமைப்போரின் கடமை என்ன? கெல்லியின் விதி தெளிவு: ஒரே விடைதான் சரியாக இருக்க வேண்டும். அப்படியானால் நின்று பார்க்கும் இடத்தை வாக்கியமே உறுதி செய்துவிட வேண்டும். அதற்காகத்தான் நல்ல வினாக்களில் 'எஸ்டர்டே', 'சின்ஸ்', 'பை த டைம்' போன்ற சொற்கள் நடப்படுகின்றன. அவை அலங்காரமல்ல, நோக்கு நேரத்தை அறைந்து நிறுத்தும் முளைகள். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' ஆகிய சொற்கள் வரும் இடத்தில் வினா அமைப்பவர் கவனமாக இருக்க வேண்டும். 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்று பிரிட்டிஷார் கேட்பதை, 'டிட் யூ ஈட் யெட்?' என்று அமெரிக்கர் இயல்பாகக் கேட்பார். இரண்டையும் விடைகளாகக் கொடுத்து ஒன்றைத் தவறென்று சொல்வது நியாயமாகாது.

கைதேர்ந்த அமைப்புகளும் சறுக்கியதுண்டு. 2002இல் அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதிய ஒரு பெருந்தேர்வில், எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றிய வாக்கியம் ஒன்றில் பிழை உண்டா என்று கேட்கப்பட்டது. பிழையில்லை என்பது விடைப் பட்டியலின் முடிவு. அவ்வாக்கியத்தில் ஒரு பிரதிப்பெயர், மரபான விதிப்படி, நிற்கத்தக்க பெயர்ச்சொல் இல்லாமல் நிற்கிறது என்று ஓர் ஆசிரியர் வாதிட்டார். முதலில் மறுத்த தேர்வு நிறுவனம், 2003இல் அவ்வினாவை நீக்கி மதிப்பெண்களைத் திருத்தியது. அது காலத்தைப் பற்றிய வினாவன்று. ஆயினும், விடைப் பட்டியலும் மனிதர் எழுதியதே, காரணம் காட்டி அதனைக் கேள்வி கேட்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

மீண்டும் இரயில் நிலையத்துக்கு

இனி உங்கள் வினாவுக்கு வருவோம். வாக்கியத்தில் 'பிஃபோர்' என்னும் சொல் இருக்கிறது. எது முன், எது பின் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. எனவே 'ஹேட் லெஃப்ட்' என்று மீண்டும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னாலும் பிழையில்லை. 'ஆஃப்டர்', 'பிஃபோர்' வரும் இத்தகைய இடங்களில் இரண்டு வடிவங்களும் வரலாம் என்பதை முன்னர்க் குறிப்பிட்ட 1985ஆம் ஆண்டு இலக்கணமும் ஏற்கிறது. தமிழிலும் 'நாங்கள் சேர்வதற்கு முன் இரயில் புறப்பட்டது' என்றாலும், 'புறப்பட்டிருந்தது' என்றாலும் குற்றமில்லை அல்லவா?

அதே வினாவை 'வென் வி ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ______ ஆல்ரெடி' என்னும் பொருளில் அமைத்திருந்தால் நிலைமை வேறு. 'வென்' என்பது முன்பின் சொல்வதில்லை. அங்கே வெறும் 'லெஃப்ட்' என்றால், நாங்கள் போய்ச் சேர்ந்ததும் இரயில் புறப்பட்டது என்று பொருள்பட்டுவிடும், ஓடிப்போய் ஏறியிருக்கலாம்! 'ஹேட் லெஃப்ட்' என்றால்தான் வெறும் தண்டவாளம் கண்ணில் படும். அத்தகைய வினாவில் நீங்கள் 'லெஃப்ட்' என்று குறித்திருந்தால் மதிப்பெண் இழப்பது நியாயமே.

ஆகவே, தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களே, பன்னிரண்டு கட்டங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வெற்றிடத்தைப் பார்க்கும் முன் வாக்கியத்தின் எஞ்சிய பகுதியைப் பாருங்கள். பேசுபவர் எங்கே நிற்கிறார்? இன்றா, நேற்றா, நாளையா? அதைச் சொல்லும் சொல் எது? அச்சொல் அகப்பட்டால் விடை பெரும்பாலும் தானே வந்து நிற்கும். அப்படியொரு சொல்லே இல்லாமல் இரண்டு விடைகள் பொருந்தினால், எழுதும்போது 'ஹேட்' இருக்கும் விடையை வினா அமைத்தவர் எதிர்பார்த்திருக்கலாம் என்று ஊகித்துக் குறியுங்கள். வெளியே வந்ததும் உங்கள் ஆசிரியரிடம் காரணத்தோடு வாதிடுங்கள். தேர்வு நடத்துவோர் முறையீட்டுக்குக் காலக்கெடு தந்திருந்தால் எழுதி அனுப்புங்கள்.

கெல்லியின் வினாத்தாளில் பசு ஒன்றுதான் இருந்தது. மற்ற மூன்றும் பண்ணைக்கு உதவாதவை. உங்கள் வினாத்தாளில் இருந்த 'லெஃப்ட்', 'ஹேட் லெஃப்ட்' ஆகிய இரண்டுமே பசுக்கள். ஒரு பசுவைப் புலி என்று எழுதிவைத்தது உங்கள் பிழையன்று.